துடைத்த சுவர்

ஓட்டல் அறையை எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று பளிச்சக்காவிடம் கேட்டால், "அங்க யாரும் தங்கவே இல்லைங்கிற மாதிரி" என்பாள். வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு அவள் சொல்லித்தரும் பாடம் முழுவதும் அந்த ஒரு வரிதான். முந்தின நாள் தங்கியவரின் தலைமுடி ஒன்று கைகழுவும் தொட்டியில் கிடந்துவிட்டால், இன்று வருகிறவருக்கு அந்த அறை மொத்தமும் அழுக்கு. அதனால் தொட்டியைத் துடைத்த பிறகு குனிந்து, கன்னத்தை அதன் விளிம்புக்கு அருகில் கொண்டுபோய், ஜன்னல் வெளிச்சத்தை எதிரே வாங்கிப் பார்ப்பாள். குழாயை ஈரத்துணியால் துடைத்த கையோடு உலர்ந்த துணியாலும் ஒரு முறை. இல்லாவிட்டால் தண்ணீர்ப் பொட்டுகள் காய்ந்து வெள்ளை வெள்ளையாக நின்று காட்டிக்கொடுக்கும். விரிப்பின் மூலைகளை மடித்துச் செருகி, உள்ளங்கையால் தடவி, கம்பளத்தில் தன் காலடி தெரிகிறதா என்று பார்த்து, அதையும் நீவிவிட்டுப் பின்னாலேயே நடந்து வெளியே வருவாள்.

அவளை மேய்க்கிற மேற்பார்வைக்காரி பொல்லாதவள். கதவுச் சட்டத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்க்கிறவள். அவளே ஒருநாள், "உன் ரூம்ல அழுக்கு பாக்கணும்னா நான்தான் வீட்லேருந்து கொண்டு வரணும்" என்றாள். பளிச்சக்கா என்ற பேர் அங்கேதான் ஒட்டியது. கணவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வீட்டிலிருந்து தெருவுக்குப் போக ரொம்ப நாளாகவில்லை.

பழைய இரண்டடுக்குக் கட்டடம் ஒன்றில் மேல்வீடு அவளுடையது. இரண்டு அறை, ஒரு சமையலறை. அந்த வீடு கிடைத்த நாளை நினைத்தால் இன்னும் அவளுக்கு நெஞ்சு நிறையும். ஊருக்குப் புதிதாக வந்து, ஏறாத படி இல்லை. சிலர் குழந்தை இருக்கிறது என்று மறுத்தார்கள், சிலர் வேற்றூர்ப் பேச்சைக் கேட்டதுமே மறுத்தார்கள். இந்த வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார். ஜன்னலில் நின்றால் மகளின் பள்ளிக்கூட வாசல் தெரியும். மகள் தனியாக நடந்து போய், தனியாக நடந்து வருவாள். ஓட்டலுக்கு ஒரே பேருந்து. கணவர் விடியலில் ரொட்டி வேனை எடுத்துக்கொண்டு கடைகடையாகப் போகிறவர். அவருக்கும் கிடங்கு பக்கம். வேறு என்ன வேண்டும்?

கீழ்வீட்டில் இருந்தவள் அப்புறமக்கா. சட்டைக் கம்பெனிக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பாள். அறையெங்கும் துணி வெட்டுகள், நூல் பிசிர்கள், பொத்தான் டப்பாக்கள். அவள் தலைமுடியில் எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் நூல் தொங்கும். சக்கர நாற்காலியில் இருக்கும் அப்பாவைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, நடுநடுவே தைத்து முடிப்பதற்குள் பொழுது போய்விடும். மற்ற எதைக் கேட்டாலும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்பாள். பாத்திரம், குப்பை, பல் வலி எல்லாமே அப்புறம்தான். பேரும் அப்படி வந்ததுதான்.

பளிச்சக்காவுக்கு அந்த வீட்டுக்குள் கால் வைத்தாலே கை அரிக்கும். முகத்துக்கு நேரே எதுவும் சொல்ல மாட்டாள். படியேறியதும் கணவரிடம், "அந்த அக்கா வீட்ல நடந்தா கால்ல மூணு சட்டை ஒட்டிக்கிட்டு வருது" என்பாள்.

முதல் மழையில் மகளின் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு வந்தது. மை தொட்ட விரலை வைத்தது போல. "பேனாவை உடைச்சியா?" என்று மகளைத்தான் முதலில் அதட்டினாள். மறுவாரம் பொட்டு உள்ளங்கை அளவாயிற்று. அப்புறம் தட்டு அளவு. தொட்டால் சில்லென்றிருந்தது. சுவருக்குள் ஓதம் ஏறிவிட்டது, அதன் மேல் பூஞ்சை படர்கிறது என்பது அவளுக்குப் புரிய ஒரு மாதம் பிடித்தது. புரிந்ததும் போர் தொடுத்தாள். சனிக்கிழமை தோறும் கட்டிலை இழுத்துப் போட்டு, பிளீச் ஊற்றித் தேய்த்தாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகரலாம், பூஞ்சை நகரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கறுப்பாக மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும். அலமாரித் துணியில் வாடை. கணவரின் விசேஷக் காலணி பச்சையாயிற்று.

கடைசியில் மகளின் மூச்சில் விசில் கேட்க ஆரம்பித்தது. "நம்ம வீட்ல ரயில் ஓடுது" என்று கணவர் கேலி செய்தார். இரண்டு வாரத்தில் கேலியை நிறுத்திவிட்டார்.

மருத்துவமனையில் நர்ஸம்மா மகளின் முதுகில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்ல ஓதம் ஏதாச்சும் இருக்கா?" என்றாள்.

"இல்லீங்க. எங்க வீடு ரொம்ப சுத்தம்."

"இருக்கு. என் கட்டிலுக்குப் பின்னாடி பெரிய மேப் மாதிரி இருக்கு" என்றாள் மகள்.

பளிச்சக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. நர்ஸம்மா சிரிக்கவில்லை. "சுத்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. தண்ணி சுவத்துக்குள்ள போகுது, நீங்க என்ன பண்ணுவீங்க? வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. அவர் கேக்கலைன்னா நகராட்சில சொல்லுங்க" என்றாள். நீங்க என்ன பண்ணுவீங்க என்ற அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது பளிச்சக்காவுக்கு. அதுவரை குற்றவாளி தான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் இனிக்க இனிக்கப் பேசினார். "ஜன்னலைத் திறந்து வையுங்கம்மா. துணியை உள்ள காயப் போடாதீங்க. மூணு பேரு மூச்சு விட்டாலே அறையில ஈரம் சேரும்."

"அப்ப இனிமே வெளிய போய் மூச்சு விட்டுட்டு வர்றோம்" என்றார் கணவர். வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். சிரித்ததோடு சரி. இரண்டு முறை நினைவுபடுத்தியும் ஒரு ஆள் வந்து எட்டிப் பார்க்கவில்லை.

நகராட்சியில் புகார் சொன்ன மறுவாரமே நோட்டீஸ் வந்தது. சொந்த உபயோகத்துக்கு வீடு தேவைப்படுகிறது, மாதக் கடைசிக்குள் காலி செய்யவும். நகராட்சியில் கேட்டபோது நடைமுறையைச் சொன்னார்கள். வியாழக்கிழமை ஆய்வாளர் வருவார். சுவர் பழுது என்று அவர் எழுதிவிட்டால், புகார் சொன்னவரை வெளியேற்ற முடியாது. வீட்டுக்காரர்தான் சரி செய்து தர வேண்டும். பழுது இல்லை என்று எழுதிவிட்டால் நோட்டீஸ் நிற்கும். அந்த மாதக் கடைசி வெகுதூரத்தில் இல்லை.

அவள் கீழே இறங்கிப் போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. அப்புறமக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க வீட்லயும் இருக்குல்ல? ஆய்வாளர் வரும்போது நீங்களும் காட்டுனீங்கன்னா பேச்சுக்கு பலமா இருக்கும்."

"எங்க வீட்ல எல்லாந்தான் இருக்கு. எதைன்னு காட்டறது?"

"விளையாடாதீங்க அக்கா."

"நான் எங்க விளையாடறேன்?" அப்புறமக்கா ஊசியை இறக்கினாள். "அப்பாவைப் பாரு. அந்த நாற்காலியைத் தூக்கிக்கிட்டு நான் எந்த மாடி ஏறுவேன்? தரையோட, படியில்லாம, குளியலறைக் கதவு அகலமா இன்னொரு வீடு நீ காட்டு. நாளைக்கே உன்கூட வந்து கத்தறேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையா, நீ உன் வீட்டுக்கு நோட்டீஸ் வாங்கிட்ட. இப்ப என்னையும் ஊதச் சொல்ற."

நியாயம்தான். அது நியாயமாக இருந்ததுதான் பளிச்சக்காவுக்குக் கோபம். "நீங்க ஒருநாளாவது அந்தச் சுவத்தைத் துடைச்சிருக்கீங்களா அக்கா? பெரியவர் படுக்கிற அறை. நான் வாரா வாரம் கை வெந்துபோகத் தேய்க்கிறேன்" என்றாள்.

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. அப்புறமக்கா சட்டையைக் கையில் எடுத்தாள்.

"போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ. நூல் பறக்குது."

வியாழக்கிழமை விடியலில் வேனுக்குக் கிளம்பும்போது கணவர் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "எதையும் தொட்டுடாத."

"தொட மாட்டேன்."

"உன்கிட்ட சொல்லல. உன் கைகிட்ட சொல்றேன்."

மகள் பள்ளிக்கூடம் போனாள். பளிச்சக்கா ஓட்டலில் விடுப்புச் சொல்லியிருந்தாள். வீட்டில் அவளும் சுவரும் மட்டும். கட்டில் விரிப்பை மட்டும் சரிசெய்தாள். அதில் தப்பில்லை. தரையைக் கூட்டினாள். அதிலும் தப்பில்லை. பிறகு வாசலில் போய் நின்று, வரப்போகிற ஆய்வாளரின் கண்ணால் அறையைப் பார்த்தாள்.

கரி பூசியது போலச் சுவர். அதற்குக் கீழே குழந்தையின் தலையணை. ஒரு தாய் இதை இப்படியா வைத்திருப்பாள் என்று அவர் நினைக்க மாட்டாரா? காகிதத்தில் பழுது என்று எழுதுவார். மனசில் என்ன எழுதுவார்?

தலையணைக்கு மேலே ஒரு ஓரம் மட்டும், என்று துணியை நனைத்தாள். அந்த ஓரம் வெளுத்ததும் மற்ற இடமெல்லாம் இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. இன்னொரு சாண் துடைத்தாள். அதற்குப் பிறகு கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. வாளி வந்தது, பிளீச் வந்தது, நார் வந்தது. மேலேயிருந்து கீழாக, ஒரு பட்டைக்கு மேல் ஒரு பட்டை, ஓட்டல் குளியலறை ஓடுகளைத் தேய்க்கிற மாதிரியே தேய்த்தாள். போகாத மூலையில், சமையலறைக்கு அடித்து மிஞ்சியிருந்த வெள்ளைப் பெயிண்டைத் தொட்டு வைத்தாள். மண்டியிட்டு, கன்னத்தைச் சுவரோடு வைத்து, வெளிச்சத்தை வாங்கிப் பார்த்தாள். ஒரு பொட்டு இல்லை. அங்கே யாரும் வசிக்கவே இல்லை என்பது போல இருந்தது அறை.

அழைப்பு மணி அடித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்கள். அவள் அதைச் சலித்துப் போட்டிருந்தாள்.

ஆய்வாளர் நடுவயசுக்காரர். பையிலிருந்து ஈரம் அளக்கும் கருவியை எடுத்துச் சுவரில் வைத்தார். அது பீப் பீப் என்று கத்தியது. பளிச்சக்காவுக்குப் பாதி உயிர் திரும்பியது.

"இப்பத்தான் சார் கழுவியிருக்காங்க. வாசனை பாருங்க" என்றார் பின்னால் நின்ற வீட்டுக்காரர், அதே இனிப்பான குரலில்.

ஆய்வாளர் விரலால் சுவரைத் தொட்டு முகர்ந்தார். விரலில் வெள்ளை ஒட்டியது. "ஈரம்னு கருவி சொல்லுதும்மா. கழுவின ஈரமா, உள்ளேயிருந்து வர்ற ஈரமான்னு அது சொல்லாது. ஏம்மா துடைச்சீங்க?"

"நீங்க வர்றீங்கன்னு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நாங்க வர்றதே அதைப் பாக்கத்தானம்மா. முன்னாடி எடுத்த படம் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"ஒண்ணு எடுத்தேன் சார். போன்ல பாக்கவே அசிங்கமா இருந்துச்சு. அழிச்சிட்டேன்."

"இது காய்ஞ்சப்புறம் நான் இன்னொரு தடவை வரணும்னா அடுத்த மாசம் ஆயிடும். அதுக்குள்ள உங்க நோட்டீஸ் முடிஞ்சிரும்." அவர் குரலில் கடுமை இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. "கண்ணுக்குத் தெரிஞ்சதைத்தான் நான் எழுத முடியும்."

"நல்ல பொண்ணுதான் சார். கொஞ்சம் பதட்டக்காரி" என்றார் வீட்டுக்காரர்.

கருவி பைக்குள் போயிற்று. மூவரும் படியிறங்கினார்கள். பளிச்சக்கா கடைசியாக, கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கினாள். ஜன்னலில் தெரியும் பள்ளிக்கூட வாசல்தான் ஞாபகத்துக்கு வந்தது. இனி எந்த ஜன்னலில் நின்று பார்ப்பது?

கீழ்வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. வாசலை அடைத்துக்கொண்டு அப்புறமக்கா நின்றாள், கழுத்தில் அளவு நாடாவும் தலையில் சிவப்பு நூலுமாக.

"சார், மேல பாத்த சுவரு கீழ எங்க வீட்லதான் இறங்குது. வந்து பாருங்க."

"இவங்க புகாரே கொடுக்கலையே சார்" என்றார் வீட்டுக்காரர்.

"இப்பக் கொடுக்கறேன். வாய் இருக்கு. இத்தனை நாள் சும்மாதான் கிடந்துச்சு."

உள்ளேயிருந்து பெரியவர் குரல் கொடுத்தார். "யாரும்மா? டாக்டரா?"

"டாக்டர்தாம்பா. உங்களுக்கு இல்ல, சுவத்துக்கு."

நூலும் துணியும் மிதித்து எல்லோரும் உள்ளே போனார்கள். அப்புறமக்கா ஒரு மூட்டையை இழுத்தாள். அதற்குப் பின்னால் சுவர் முழுசாகத் தெரிந்தது. கூரையிலிருந்து தரைவரை ஒரே கறுப்பு. நடுவில் பச்சை, ஓரத்தில் மஞ்சள், சில இடத்தில் பூனை முதுகு போல மயிர்விட்டிருந்தது. காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது. ஒவ்வொரு மழைக்கும் ஒரு கோடு என்று ஓதம் தன் வரலாற்றைத் தானே எழுதி வைத்திருந்தது. துணி பட்ட அடையாளமே இல்லை.

ஆய்வாளர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நல்ல மாம்பழம் கண்டவர் மாதிரி இருந்தது அவர் முகம். "இதை நீங்க துடைக்கவே இல்லையாம்மா?"

"அப்புறம் துடைச்சிக்கலாம்னு இருந்தேன் சார்."

"ரொம்ப நல்லதுங்க" என்றார் அவர், மனசார.

கருவியை வைத்தார், அது கத்தியது. கீழிருந்து மேலாக வைத்துக்கொண்டே போனார். கூரைக்குப் பக்கத்தில்தான் கத்தல் அதிகம். படம் எடுத்தார். பிறகு மறுபடி மாடியேறி, அதே நேர்க்கோட்டில், பளிச்சக்காவின் கை எட்டாமல் விட்ட கூரை மூலையில், நாற்காலி போட்டு ஏறி வைத்தார். அங்கேயும் கத்தியது. மொட்டை மாடிக்குப் போனார். மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் சுவருக்குள் புதைந்திருந்தது. அதன் மேல் வாய் உடைந்து, இலை அடைத்துக்கொண்டு கிடந்தது. பெய்த மழையெல்லாம் இத்தனை நாளாக அந்தச் சுவருக்குள்தான் இறங்கியிருக்கிறது. ஆய்வாளர் இரண்டு வீட்டையும் சேர்த்தே எழுதினார். பழுதைச் சரிசெய்யும் வரைக்கும், அதற்குப் பிறகும், புகார் சொன்ன காரணத்துக்காக இரண்டு குடித்தனத்தில் யாரையும் கிளப்பக்கூடாது என்று வீட்டுக்காரரிடம் வாசலில் வைத்தே சொன்னார். வீட்டுக்காரரிடம் அன்றைக்குச் சிரிப்பு மட்டும் கையிருப்பில் இல்லை.

எல்லோரும் போன பிறகு பளிச்சக்கா கீழ்வீட்டு அறையில் வந்து நின்றாள். நன்றி என்ற வார்த்தை அவள் ஓட்டலில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தை. இதற்கு அது போதவில்லை.

"ஏன்க்கா? உங்களுக்கும் நோட்டீஸ் வந்திருந்தா?"

அப்புறமக்கா சட்டையைத் தேடி எடுத்து, உட்கார்ந்து, பொத்தானைப் பிடித்தாள். "காலைலேருந்து என் தலைக்கு மேல தேய்க்கிற சத்தம். அடிப்பாவி, கெடுத்துக்கிறாளேன்னு நினைச்சேன். ஓடிவந்து நிறுத்தலாம்னு எழுந்தேன். எழுந்தவ, இந்த ஒரு சட்டையை முடிச்சிட்டு அப்புறம் போலாம்னு உட்கார்ந்துட்டேன். அதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க." நூலைப் பல்லால் கடித்தாள். "அந்த ஒரு அப்புறத்துக்காகத்தான் கதவைத் திறந்தேன். உன் பொண்ணு இருமறது உனக்கு முன்னாடி எனக்குத்தான் கேக்கும், தெரியுமா? அப்பா பக்கத்துல என் கட்டில், அதுக்கு நேர் மேலதான் அவ கட்டில்."

பளிச்சக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அன்னைக்கு நான் பேசினது..."

"அதை அப்புறம் பேசலாம்."

பெரியவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். "டாக்டர் என்ன சொன்னாரு?"

"பொழைச்சுக்கும்னாருப்பா."

அன்று மாலை கணவர் கூடை நிறைய ரொட்டியோடு வந்தார். முழுக்கதையும் கேட்டுவிட்டு, மனைவியின் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போனேன்?" என்று கைகளைக் கேட்டார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. கூடையில் பாதி கீழ்வீட்டுக்குப் போனது.

மறுநாள் பளிச்சக்கா வாளி, நார், துணியோடு கீழ்வீட்டு வாசலில் போய் நின்றாள். அவளுக்குத் தெரிந்த மரியாதை அதுதான்.

"வாளியை வெளிய வை. நீ மட்டும் உள்ள வா" என்றாள் அப்புறமக்கா.

உள்ளே போய், துணிமூட்டை மேல் உட்கார்ந்து, விளிம்பில் பழைய கறை படிந்த கோப்பையில் டீ குடித்தாள். கறையைத் துடைக்கவில்லை. கை ஒரு முறை போகப் பார்த்தது. மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். எழுந்து படியேறும்போது காலில் நூல் சுற்றியிருந்தது. அதை எடுத்துப் போடவும் மனசு வரவில்லை.

வீட்டுக்காரர் முணுமுணுத்தாலும் மாதக் கடைசிக்குள் குழாயை மாற்றினார். மேல்வீட்டுச் சுவரைக் கொத்திப் பூசினார்கள். அடுத்த மழைக்கு மகளின் கட்டிலுக்குப் பின்னால் கை வைத்துப் பார்த்தபோது சுவர் வெறும் சுவராக இருந்தது. விசில் உடனே நிற்கவில்லை. குறைந்து, குறைந்து, ஒருநாள் காலையில் அது நின்று எத்தனை நாளாயிற்று என்று யாருக்கும் ஞாபகம் இல்லாமல் போயிற்று. நர்ஸம்மாவிடம் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தாள் பளிச்சக்கா. வேறு வேலை எதுவும் இல்லாமல், அதைச் சொல்ல மட்டுமே போனாள்.

கீழ்வீட்டுக்குக் கொத்தனார் வந்த அன்று, அவர் உளியை எடுத்ததும் பளிச்சக்கா, "ஒரு நிமிஷம் இருங்க" என்றாள். அந்தக் கறுப்புச் சுவருக்கு எதிரே நின்று, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்து, போனை நேராகப் பிடித்து ஒரு படம் எடுத்தாள்.

அந்தப் படம் இன்னும் அவளிடம் இருக்கிறது. ஓட்டலில் சாப்பாட்டு நேரத்தில் மகளின் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டும்போது நடுவில் அது வந்து நிற்கும். புதிதாக வந்த பெண்கள் முகம் சுளித்து, "ஐயே, இது யார் வீட்டு அழுக்கு?" என்பார்கள்.

"எங்க அக்கா வீட்டுது" என்பாள் பளிச்சக்கா, அவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று போனைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தபடி.